பூஜ்யம் என்றால் தெரியாது

முந்நூற்றுப் பன்னிரண்டு பெரியவர்கள் பச்சைக் குழந்தைகளாகிவிட்ட செய்தி செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்குத் தொலைபேசியில் வந்தது. பேசியது ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தின் டாக்டரம்மா. நாங்கள் எழுதிக் கொடுத்த மென்பொருளில்தான் அவர்கள் ரிப்போர்ட் அடிக்கிறார்கள். பாஸ் ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் அலுவலகத்தில் ஒன்பது பேரும் கேட்டோம்.

"உங்க கணக்குப்படி போன மாசம் எங்க லேப்ல முந்நூத்துப் பன்னெண்டு பிரசவம் நடந்திருக்கு," என்றார் அவர். குரலில் கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "அதுல ஒரு பிள்ளைக்கு எழுபத்தோரு வயசு. ரிட்டயர்டு டிரைவர். அவர் வயசுக்கு ரத்தம் நல்லாத்தான் இருக்கு. பிறந்த குழந்தைக்கு இருக்க வேண்டிய அளவு இல்லைன்னு உங்க ரிப்போர்ட் சிவப்புல போட்டிருக்கு. ரத்தசோகைன்னு நம்பி மூணு வாரமா இரும்பு மாத்திரை சாப்பிட்டு, மலச்சிக்கல்ல கிடந்து, மகளைப் பார்க்கப் போக எடுத்த டிக்கெட்டையும் ரத்து பண்ணிட்டாரு."

யாரோ சிரிப்பை அடக்கப் போய் இருமினார்கள். பாஸ் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு எங்களுக்குக் கேட்டதெல்லாம் "ஆமாங்க", "புரியுதுங்க", "வெள்ளிக்கிழமைக்குள்ளங்க" என்பவைதான்.

என்ன நடந்தது என்று கண்டுபிடிக்கக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. எங்கள் மென்பொருளில் 'கெட் ஏஜ்' என்று ஒரு ஃபங்ஷன் உண்டு. ஃபங்ஷன் என்பது ஒரே ஒரு வேலை மட்டும் தெரிந்த ஆள் மாதிரி. கூப்பிட்டுக் கேட்டால் பதில் சொல்லும், வேறு எதுவும் செய்யாது. இதனிடம் நோயாளியின் எண்ணைக் கொடுத்தால் அவர் வயதை மாதக் கணக்கில் சொல்லும். பிறந்த தேதி பதிவாகாத ஆளாக இருந்தால், தெரியாது என்று சொல்ல வழியில்லாமல் பூஜ்யம் என்று சொல்லும். புதிய ரிப்போர்ட்டை எழுதியவர் அந்தப் பூஜ்யத்தை அப்படியே வயது என்று எடுத்துக்கொண்டுவிட்டார். பூஜ்யம் மாதம் என்றால் இன்று பிறந்தது. தேதி சொல்லாமல் ரத்தம் கொடுத்துவிட்டுப் போன முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் தொட்டில் கட்டியாகிவிட்டது.

புதிய ரிப்போர்ட்டை எழுதியவர் என் அக்காவின் கணவர். கெட் ஏஜுக்குக் குறிப்பு எழுதியவள் நான்.

குறிப்பு எழுதுவதுதான் அங்கே என் வேலை. பாஸ் தொடக்கத்தில் தனியாளாக எழுதியவையும் பிறகு வந்தவர்கள் எழுதியவையுமாக முந்நூற்று நாற்பது ஃபங்ஷன்கள் சேர்ந்திருந்தன. எது என்ன செய்யும் என்று எழுதியவர்களுக்கே மறந்துபோன நிலையில் என்னை வேலைக்கு எடுத்தார்கள். அத்தான்தான் எனக்காகச் சிபாரிசு செய்தார். அதற்கு முன் நான் ஒரு தண்ணீர் மோட்டார் கம்பெனியில், மோட்டாரோடு பெட்டிக்குள் போகும் கையேடு எழுதிக்கொண்டிருந்தேன்.

வந்த முதல் வாரமே நான்கு தலைப்பு முடிவு செய்தேன். செய்வது. பெறுவது. தருவது. தவறினால். அடியில் எழுதியவர் பெயரும் தேதியும். முந்நூற்று நாற்பது பக்கத்துக்கும் இதே வரிசை. பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதும்போது அனுப்புநர், பெறுநர், பொருள் இடம் மாறினால் மதிப்பெண் குறைப்பார்கள். அந்தப் பயம் இன்னும் என் கையில் இருக்கிறது. ஒரு பொருளுக்கு ஒரே சொல்தான். ஒரு பக்கத்தில் 'நோயாளி' என்று எழுதிவிட்டு அடுத்த பக்கத்தில் 'வாடிக்கையாளர்' என்று எழுதமாட்டேன். ஒரு எழுத்தாளர் மாதிரி ஒரே விஷயத்தை நாலு விதமாகச் சொல்லும் ஆசையெல்லாம் எனக்குக் கிடையாது. மற்றவர்கள் எனக்கு டீச்சர் என்று பெயர் வைத்தார்கள். அது பாராட்டு இல்லை என்பது தெரிந்துதான் ஏற்றுக்கொண்டேன்.

கெட் ஏஜ் பாஸ் எழுதியது. குறிப்பு எழுத உட்கார்ந்த அன்றே அவரிடம் கேட்டேன்.

"பாஸ், தேதி இல்லைன்னா இது பூஜ்யம் தருது. இப்பத்தான் பிறந்ததுன்னு யாராவது எடுத்துக்க மாட்டாங்களா?"

"எடுத்துக்கக் கூடாதுன்னு எழுதிடு டீச்சர்."

"ஃபங்ஷனையே மாத்திடலாமே."

"மாத்தினா அதைக் கூப்பிடுற இருபது இடத்தையும் பார்க்கணும். எழுதிடு, போதும். அதுக்குத்தானே உன்னை வச்சிருக்கோம்."

எங்கள் அலுவலகத்தில் அது வழக்கமாகவே ஆகிவிட்டிருந்தது. ஓட்டையை அடைக்க ஒரு நாள் ஆகும். 'இங்கே ஓட்டை இருக்கிறது' என்று பலகை எழுத ஐந்து நிமிஷம். பலகை எழுதச் சம்பளத்துக்கு ஆள் இருக்கும்போது எவன் ஓட்டையை அடைப்பான்? ஃபங்ஷனைக் கூப்பிட்டுப் பயன்படுத்துபவரை 'அழைப்பவர்' என்று குறித்து நானும் எழுதினேன்: "பிறந்த தேதி இல்லையென்றால் பூஜ்யம் தரும். பூஜ்யம் என்றால் தெரியாது என்று பொருள். வயது என்று கொள்ளக் கூடாது. அழைப்பவர் சரிபார்க்க வேண்டும்."

செவ்வாய்க்கிழமை மதியம் பாஸ் எங்கள் இருவரையும் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். அந்த அறையில் ஏசி ஒழுகும். கீழே ஒரு பிளாஸ்டிக் வாளி வைத்திருப்பார்கள். அன்றைக்கு வாளி பாதி நிறைந்திருந்தது.

"அந்தம்மா கடிதம் கேட்கிறாங்க," என்றார் பாஸ். "யாரோட தப்பு, அவர் மேல என்ன நடவடிக்கை எடுத்தீங்கன்னு எழுத்துல வேணுமாம். இல்லைன்னா வேற கம்பெனிக்குப் போயிடுவாங்க. அவங்க போனா இங்க ஒன்பது பேருக்கு வேலை இல்லை. ஒருத்தர் போனா எட்டுப் பேருக்கு இருக்கு. வெள்ளிக்கிழமை காலைல பேசுவோம். அதுக்குள்ள நீங்களே முடிவு பண்ணிட்டா எனக்கு நல்லது."

அத்தான் மேஜையைப் பார்த்துக்கொண்டு, "நோட்ஸ்ல தெளிவா இல்ல பாஸ்," என்றார்.

ஆறு வருஷமாக அலுவலகத்தில் நான் அவரை எப்படியும் கூப்பிட்டதில்லை. சார் என்று சொன்னால் வீட்டில் சிரிப்பார்கள். அத்தான் என்று சொன்னால் அலுவலகத்தில் சிரிப்பார்கள். பக்கத்தில் போய் நின்று தொண்டையைச் செருமுவேன், அவர் திரும்புவார். அன்றைக்கும் செருமினேன். அவர் திரும்பவில்லை.

எங்கள் அலுவலகத்துக்குக் கீழே இருந்த டயர் கடைக்கு இறங்கும் படிக்கட்டில் என்னைப் பிடித்தார். "இப்போதைக்கு எதுவும் பேசிடாத. சாயங்காலம் வீட்டுக்கு வா," என்றார்.

போனேன். அக்கா இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவள் என்னைவிட ஏழு வயது மூத்தவள். ஒரு விஷயத்தை முடிவு செய்துவிட்டுத்தான் கருத்துக் கேட்பாள். அவள் பெண்கள் இரண்டு பேரும் உள்ளே பாடம் படித்துக்கொண்டிருந்தார்கள். சித்தி வந்த சத்தம் கேட்டும் எழுந்து வரவில்லை. வரக் கூடாது என்று அக்கா சொல்லி வைத்திருந்தாள் என்று புரிந்தது.

"அவருக்கு நாப்பத்தொன்பது வயசு," என்றாள், சட்டைக் காலரைத் திருப்பிப் போட்டு. "இனிமே ஒரு இன்டர்வியூவுக்குப் போனா, எதிர்ல உக்கார்ந்து கேள்வி கேக்கறவன் இவர் பெத்த பிள்ளை வயசுல இருப்பான். உனக்கென்னடி. ஒத்த ஆளு. எங்க போனாலும் எழுதிப் பொழைச்சுக்கலாம்."

"எனக்கென்னன்னு எப்ப முடிவு பண்ணினே?"

"வாயைப் பாரு. ஏதோ கழுத்தை அறுக்கச் சொன்ன மாதிரி."

அத்தான் நாற்காலியை இழுத்துப் போட்டு எனக்கு எதிரில் உட்கார்ந்தார். "ஒரே ஒரு வரி," என்றார். "தவறினால்ங்கற இடத்துல வயதுன்னு கொள்ளக் கூடாதுன்னு எழுதியிருக்கேன்னு இப்ப சொன்னியே, அந்த வரியை மட்டும் எடுத்துடு. பூஜ்யம் தரும், அவ்வளவுதான். அப்போ ரெண்டு பக்கமும் குறைன்னு ஆயிடும். பாஸ் ரெண்டு பேரையும் அனுப்ப மாட்டாரு. ஒரு திட்டோட போயிடும்."

"எப்ப மாத்தினது, யாரு மாத்தினதுன்னு பக்கத்துலயே பதிவாகும். ரெண்டு பேர்ல ஒருத்தர் போறதுக்குப் பதிலா நான் மட்டும் போவேன். அதுவும் திருடின்னு பேரோட."

நான் கேட்டேன்: "நீங்க அந்தப் பக்கத்தைப் படிச்சீங்களா, அத்தான்?"

"உன் பக்கத்தைப் பத்திச் சொல்லவா? கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"ஆரம்பத்துல ஒரு பத்து படிச்சேன். எல்லாத்துலயும் அதே நாலு தலைப்பு. எல்லாத்துலயும் கடைசில 'அழைப்பவர் சரிபார்க்க வேண்டும்.' தேதியை அழகா அச்சடிக்கிற ஃபங்ஷனுக்கும் அதே வரி, ரத்தத்துல கைவைக்கிற ஃபங்ஷனுக்கும் அதே வரி. எல்லாக் கதவுலயும் அபாயம்னு எழுதி வச்சா எந்தக் கதவைத் திறக்கறது? கண்ணு வழுக்கிட்டுப் போகுது. பத்துக்கு மேல நான் ஒண்ணும் திறக்கலை."

அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "பாத்தியா," என்றாள், எதையோ நிரூபித்துவிட்டவள் போல.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவர் சொன்னது வீண் சாக்காக இருந்தால் வந்திருக்கும். வீட்டுக்குத் திரும்பிப் போகும் பஸ்ஸில் நானே என் பக்கங்களை மனத்துக்குள் புரட்டினேன். அழைப்பவர் சரிபார்க்க வேண்டும். அழைப்பவர் சரிபார்க்க வேண்டும். அதை நான் முந்நூறு தடவையாவது எழுதியிருப்பேன். கத்த வேண்டிய இடத்திலும் அதே குரல், முணுமுணுத்தால் போதும் என்கிற இடத்திலும் அதே குரல். சீராக இருக்கிறது என்று எதைப் பெருமைப்பட்டேனோ, அதில் அந்த ஒரு வரி புதைந்துபோயிருந்தது.

வியாழக்கிழமை காலை அந்தப் பக்கத்தைத் திறந்தேன். அத்தான் சொன்னபடி செய்வதற்காக இல்லை. அந்த வரியைச் சிவப்பாக்கிப் பெரிய எழுத்தில் போடலாமா என்றுதான் கை பரபரத்தது. செய்தால் அதுவும் தேதியோடு பதிவாகும். நடந்த பிறகு திருத்தியவள் என்று ஆகும். அப்படியே மூடிவிட்டேன். அன்று முழுக்க வேறு ஒரு ஃபங்ஷனுக்குக் குறிப்பு எழுதினேன். 'அழைப்பவர்' என்று வந்ததும் கை நின்றது. வேறு விதமாக எழுத எனக்குத் தெரியவில்லை. அதையே எழுதினேன்.

வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்குக் கண்ணாடி அறை. கெட் ஏஜ் பக்கத்தை அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தேன். பாஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். இரண்டு தடவை படித்தார்.

"தெளிவாத்தானே இருக்கு," என்று அத்தானைப் பார்த்தார்.

"எப்ப எழுதினதுன்னு தெரியலையே பாஸ்," என்றார் அத்தான். அப்போதும் அவர் என்னைப் பார்க்கவில்லை. இந்த மனிதர்தான் என்னுடைய அப்பா படுக்கையில் கிடந்தபோது ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக நாற்பது நாள் அலைந்தவர். அதை நான் மறக்கவில்லை. அந்த நிமிஷத்தில் நினைவு வந்தது. வந்து ஒரு பயனும் இல்லை.

"பதிவைத் திறந்து பாருங்க," என்றேன். "பதினாலு மாசம் முன்னாடி எழுதினது. அதுக்கப்புறம் ஒரு புள்ளிகூட மாறலை."

பாஸ் தன் கணினியில் திறந்தார். பதினான்கு மாதம். மாற்றம் இல்லை. எழுதியவர், நான். அத்தான் நாற்காலியில் கொஞ்சம் பின்னால் சாய்ந்தார். ஏசித் தண்ணீர் வாளியில் சொட்டும் சத்தம் கேட்டது. ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அடுத்து என்ன வரும், அக்கா முகத்தில் எப்படி விழிப்பது என்றுகூட யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

பாஸ் இன்னும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது என்ன ஒண்ணுன்னு போட்டிருக்கு?"

"எது?"

"பார்த்தவர்கள், ஒண்ணு."

பக்கத்தின் ஓரத்தில் அப்படி ஒரு எண் உண்டு. பாஸின் கணினியில் மட்டும் தெரியும்படி வைத்திருந்தார்கள். எனக்கு அது தெரியாது. அவர் அந்த ஒன்றின் மேல் அழுத்தினார். என் பெயர் வந்தது. வேறொரு பக்கத்தைத் திறந்தார். ஒன்று. இன்னொன்று. ஒன்று. மூன்றாவதில் இரண்டு என்று இருந்தது. அவர் முகம் மலர்ந்தது, அழுத்திப் பார்த்தார், இரண்டாவது ஆள் அவரேதான், ஏதோ தவறிப் போய்த் திறந்திருக்கிறார். அப்புறம் மொத்தமாக ஒரு பட்டியல் எடுத்தார். அத்தான் படித்த பத்துப் பக்கங்களில் அவர் பெயர் இருந்தது, ஆறு வருஷத்துக்கு முந்தைய தேதியோடு. பாஸ் தவறிப் போய்த் திறந்ததை விட்டால், மற்ற இடங்களில் என்னைத் தவிர யாரும் இல்லை.

"டீச்சர்," என்றார் பாஸ், மெதுவாக. கேலி செய்யவில்லை. கேலி செய்திருந்தால் தாங்கியிருப்பேன். "நீ எழுதி நீயே படிச்சிட்டிருந்திருக்க."

"படிக்க வேண்டியது அவங்க வேலை."

"சரிதான். உன் மேல தப்பே இல்லை. நான் அதைச் சொல்லலை." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஆனா இவரை அனுப்பினா நாளைக்கு ரிப்போர்ட்டைச் சரிபண்ண ஆள் இல்லை. உன்னை அனுப்பினா..." மீதியைச் சொல்லாமல் பட்டியலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். என்னை அனுப்பினால் என்ன ஆகும் என்பது அங்கே ஒன்று, ஒன்று, ஒன்று என்று வரிசையாக எழுதியிருந்தது.

யார் பெயரும் கடிதத்தில் வேண்டாம் என்று பாஸ் முடிவு செய்தார். ஆவணங்கள் உரியவர்களைச் சென்றடையும் முறையில் குறை இருந்தது, அதனால் ஆவணப் பிரிவு கலைக்கப்படுகிறது என்று எழுதினால் போதும். அந்தம்மாவுக்கு நடவடிக்கை கிடைத்துவிடும். பிரிவு என்பது ஜன்னல் ஓரத்தில் இருந்த என் மேஜை. இதைச் சொல்லி முடித்தவர், எழுந்த என்னைக் கைகாட்டி நிறுத்தினார்.

"அந்தக் கடிதத்தை மட்டும் நீயே எழுதிக் கொடுத்துடேன். உன்னளவுக்குத் தெளிவா இங்க யாருக்கும் எழுத வராது."

எழுதினேன். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அல்லது வேண்டுமென்றே குளறுபடியாக எழுதியிருக்கலாம். எனக்கு மோசமாக எழுத வரவில்லை. என்ன நடந்தது, யார் யார் பாதிக்கப்பட்டார்கள், என்ன செய்தோம், இனி என்ன செய்வோம் என்று நான்கு பத்தி. பாஸ் ஒரு சொல்லைக்கூட மாற்றாமல் கையெழுத்துப் போட்டார். அன்று காலை அச்செடுத்துக் கொடுத்த பக்கத்தை விட்டால், ஆறு வருஷத்தில் நான் எழுதியவற்றில் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை அவர் படித்தது அது ஒன்றாகத்தான் இருக்கும்.

நான் கடிதம் எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் அத்தான் கெட் ஏஜைத் திருத்தினார். இனிமேல் தேதி இல்லையென்றால் அது பூஜ்யம் தராது. வேலையை நிறுத்திவிட்டுத் தேதி கேட்கும். இருபது இடத்தைப் பார்க்க வேண்டும் என்று பாஸ் சொன்னாரே, நான்கு இடம்தான் இருந்தது. நாற்பது நிமிஷத்தில் முடித்துவிட்டார்.

ஃபங்ஷன் மாறினால் குறிப்பும் மாற வேண்டும். பழைய குறிப்பு பூஜ்யம் தரும் என்கிறது; இப்போது அது பொய். அடியில் என் பெயர் இருக்கிறது. மேஜையைக் காலி செய்வதற்கு முன் அதைத் திருத்திவிடலாம் என்று உட்கார்ந்தேன். கடவுச்சொல்லை இரண்டு தடவை அடித்தும் உள்ளே விடவில்லை. என் கணக்கை அதற்குள் மூடிவிட்டிருந்தார்கள்.

அத்தானின் மேஜைப் பக்கம் போய் நின்றேன். செருமவில்லை. "அத்தான்," என்றே கூப்பிட்டேன். நாலைந்து தலைகள் திரும்பின.

"கெட் ஏஜ் குறிப்பை மாத்தணும். உங்க கணக்குல திறந்து கொடுங்க. மூணு நிமிஷம்."

"இப்ப டெஸ்ட் ஓடிட்டிருக்கு," என்றார். "நான் பண்ணிடறேன். திங்கக்கிழமை."

"இப்பவே பண்ணணும். அது தப்பா இருக்கு."

"பண்றேன்னு சொல்றேன்ல," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "யாரும் பார்க்கப் போறதில்லை. மனசுல வச்சுக்காத," என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

என் பொருள்கள் ஒரு பைக்குள் அடங்கிவிட்டன. பஸ் நிறுத்தத்தில் நின்றபோது அக்கா கூப்பிட்டாள்.

"கடிதத்துல யார் பேரும் வரலையாமே."

"வரலை."

"நல்லதாப் போச்சு. நாளைக்கு வேற எங்க கேட்டாலும் நீ தலை நிமிர்ந்து சொல்லலாம். அவரும் உன்னைத் தப்பா ஒண்ணும் சொல்லலைடி. நீ எழுதினது சரியாத்தான் இருந்துச்சுன்னு இப்பத்தான் போன்ல சொன்னாரு."

"எப்ப படிச்சாராம்?"

"இன்னைக்குத்தான். அதைச் சரிபண்ண உக்கார்றதுக்கு முன்னாடி எடுத்துப் படிச்சாராம். எல்லாம் வரிசையா எழுதி வச்சிருக்கா, அதனாலதான் சட்டுனு முடிஞ்சுதுன்னாரு. பாவம், அவருக்கும் மனசு கேக்கலை." அதே மூச்சில் தொடர்ந்தாள். "ஞாயித்துக்கிழமை வா. பிள்ளைங்க கேட்டுட்டே இருக்குங்க."

"வரலை."

"ஏன், எங்கயாவது போறியா?"

எங்கும் போகவில்லை. அவளிடம் சொல்வதற்குச் சாக்குகள் இருந்தன. தலைவலி, தோழி வீடு, துணி துவைக்க வேண்டும். ஒவ்வொன்றையும் அவள் ஏற்றுக்கொண்டிருப்பாள்.

"இல்லை," என்றேன். "உங்க ரெண்டு பேரையும் பார்க்க எனக்கு இஷ்டமில்லை."

அவள் அதை இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். அதே சொற்களில் சொன்னேன்.